பாதி வந்த செய்தி

2025 ஜனவரி 7
லக்கல வீதியின் யானை விளக்குகள் இன்று முதல் வேலை செய்கின்றன. வேலிக் கம்பத்துப் பெட்டி யானையைக் கண்டால் ரேடியோவில் சொல்லும், வீதியோரம் சிவப்பு விளக்கு எரியும். அந்தச் செய்தியைச் சில பைட்டுகளாகச் சுருக்குவதும் மறுமுனையில் விரிப்பதும் நான் லுவா என்ற கணினி மொழியில் எழுதிய லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு. உக்குவளையில், எங்கள் வீட்டு முன்னறையில் எழுதியது! பெட்டிகளைச் செய்த துஷ்யந்தனுக்குத்தான் மனமில்லை. "உலகமே பாவிக்கிற லைப்ரரி இருக்கே நிஷ்மியா, அதையே போடுவோமே?" அது இந்தச் சின்னப் பெட்டிக்குள் அடங்காது. என்னுடையது அடங்கும்.

ஜனவரி 12
அருமையாக ஓடுகிறது.

ஜனவரி 21
லக்கல பஸ் ஓட்டும் ஜிப்ரி நானா போனில் கோல் எடுத்தார். "தங்கச்சி, ஒங்கட லைட்டு எரியல்ல. வளைவுல திரும்புறேன், முன்னுக்கு ஆனை! பின்னுக்கு எடுத்துத்தான் தப்பினோம்."
பஸ் நிறையப் பள்ளிப் பிள்ளைகளாம். என்னாலயா? நான் எழுதின கோட்லயா பிழை?

ஜனவரி 22
பிழை இல்லை. மழையில் ரேடியோ தடுமாறி, செய்தி பாதிதான் வந்திருக்கிறது. பாதிச் செய்தியை நம்பாமல் எறிந்துவிடும்படிதான் எழுதியிருக்கிறேன். நல்ல லைப்ரரி எல்லாம் அப்படித்தான்.
"அப்ப சரியாத்தான் வேலை செஞ்சிருக்கா?" என்றார் துஷ்யந்தன்.
ஓம். சரியாக வேலை செய்து, பஸ்ஸை யானைக்கு முன்னால் விட்டிருக்கிறது.

ஜனவரி 24
பிடித்துவிட்டேன்! 'யானை' என்பது முதல் பைட்டிலேயே போகட்டும். எந்தக் கம்பம், பட்டரி எவ்வளவு — எல்லாம் பிறகு. மிச்சம் வந்தாலும் வராவிட்டாலும் விளக்கு எரியும்.
துஷ்யந்தன் விடவில்லை. "அந்த ஒரு பைட்டே கெட்டு வந்தா? சும்மா சும்மா எரிஞ்சா ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க."
நியாயம்தான். அதை இரண்டு தரம் அனுப்புகிறேன். இரண்டும் ஒத்தால்தான் எரியும்.

பெப்ரவரி 16
துஷ்யந்தனோடு லக்கல பஸ்ஸில் போனேன். நல்ல மழை. வளைவுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. ஜிப்ரி நானா எஞ்சினை நிறுத்தினார். வீதியில் ஒன்றுமே இல்லை. துஷ்யந்தன் லெப்டொப்பை என் பக்கம் திருப்பினார்: வந்தது முதல் இரண்டு பைட் மட்டும்.
யாராவது பஸ்ஸை எடுக்கச் சொல்வார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டு அம்மா ஒருவர் கச்சான் கடலைப் பையைப் பிரித்து, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார், பிறகு எனக்கும் நீட்டினார். நாங்கள் தின்று முடிக்குமுன் வீதியோரப் புதர் அசைந்தது.