மீசை வைத்த அம்மா

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் சிரித்த முகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். வலது கண்ணில் புரை எடுத்த இடம் நன்றாக ஆறிவிட்டது, இனிமேல் படிக்கலாம் எழுதலாம் என்று டாக்டர் நேற்றுத்தான் சொன்னார், அதனால் முதல் கடிதம் உனக்கு. இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்ட மனுஷன் சொந்தக் கடையிலேயே கறுப்புக் கண்ணாடியோடு சும்மா உட்கார்ந்திருந்ததில் வாடிக்கையாளர்களுக்கு ஒரே கொண்டாட்டம், ஒருவர் என் முகத்தைச் சுட்டிக்காட்டி அந்த ஃப்ரேம் என்ன விலை என்றே கேட்டுவிட்டார்.

படிக்கக் கூடாது என்று சொன்ன நாளிலிருந்துதான் எனக்குப் படிக்க வேண்டும் என்று கை அரித்தது. உன் அலமாரியில் இருந்த நரிராணி புத்தகங்களை எடுத்துவரச் சொல்லி, வாசித்துக்காட்டும்படி அம்மாவைக் கெஞ்சினேன். சின்னப் பையனாக நான் படித்த அதே புத்தகங்கள், பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு குரல் மாற்றி மாற்றிப் படித்தவை. அம்மாவுக்குத்தான் அவற்றைக் கண்டாலே ஆகாதே, நரி பேசுமாம், அது கிழித்த கோட்டை மனுஷர்கள் தாண்டமாட்டார்களாம் என்று முணுமுணுத்துக்கொண்டு, கரண்ட் பில்லைப் படிக்கிற மாதிரி ஆரம்பித்தாள். இரண்டாம் புத்தகத்தில் பூதம் வந்ததும் அதற்கு மேல்வீட்டுக்காரரின் குரலைக் கொடுத்துவிட்டாள், இப்போது அவர் மாடிப்படியில் நின்று தண்ணீர் வரவில்லையா என்று கேட்டால் எங்கள் இருவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாவம், அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார். மூன்றாம் புத்தகத்தில் அம்மா எனக்குத் தெரியாமல் சமையலறையில் முன்னால் படிக்க ஆரம்பித்தாள். பால் பொங்கி வழிந்ததற்கு அடுப்பு சரியில்லை என்று காரணம் சொன்னாள், நானும் நம்பினேன் என்று வைத்துக்கொள். எனக்கும் பல விஷயங்கள் வேறு மாதிரி தெரிகின்றன. நாம் பயந்து நடுங்கிய அந்தப் பெரிய போர் மொத்தமே ஒன்றரைப் பக்கம்தான், அத்தனை படைக்கும் யார் சமைத்துப் போட்டார்கள் என்பதுதான் இப்போது என் கவலை. நரிராணிக்குக் கொஞ்சம் வாய் அதிகம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன் என்று போருக்குப் போகாத அந்தச் சோம்பேறி ராஜாதான் உள்ளதிலேயே புத்திசாலி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் புத்தகத்தில் கதாநாயகி, அந்த விளக்குக்காரப் பெண், நரியோடு வீட்டைவிட்டுப் புறப்படுகிற இடம் உனக்கு நினைவிருக்கும், அவளுடைய அம்மா தலையைக்கூடத் தூக்காமல் தைத்துக்கொண்டே இருப்பாள். நீ கோபத்தில் அழுது, அந்தப் படத்தில் இருக்கும் அம்மாவுக்குப் பென்சிலால் முறுக்கு மீசை வரைந்துவிட்டாய், அது இன்னும் இருக்கிறது. போன வாரம் நாலாம் புத்தகத்தில், அந்தப் பெண் பனிமலையில் பையைத் துழாவும்போது கம்பளிக் காலுறை கிடைக்கிறது, குதிகால் கிழிசலில் சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டிருக்கிறது, போட்டுக்கொண்டு நடக்கிறாள். ஒரே ஒரு வரி. நான் சிறுவனாக அதைத் தாண்டிப் போனேன், உனக்குப் படித்துக்காட்டியபோதும் தாண்டிப் போனேன். அம்மா நின்றுவிட்டாள். எழுந்து போய் முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து மீசைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அங்கே அந்த அம்மாவின் ஊசியில் இருப்பது சிவப்பு நூல். "பொண்ணு போகப்போறாள்னு இவளுக்கு முன்னாடியே தெரியுங்க" என்றாள், "நிமிந்து பாத்தா போகவிட மாட்டோம்னுதான் குனிஞ்சுக்கிட்டே இருக்கா." அதற்குப் பிறகு அன்றைக்கு வாசிப்பு இல்லை.

நீ கிளம்பிய அன்று அம்மா வாசலுக்கு வராமல் உள்ளே ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கோபத்தில் வரவில்லை என்று நீ நினைத்தாய், போனில் இரண்டு மூன்று தடவை கேட்டும் இருக்கிறாய், எனக்குப் பதில் தெரியாமல் பேச்சை மாற்றினேன். இப்போது தெரிகிறது. உன் பெட்டியின் அடியில் இருந்த சால்வையை நானே வாங்கி வைத்ததாக நீ நன்றி சொன்னாயே, சத்தியமாக நான் இல்லை. அங்கே வேலையை நிரந்தரமாக்கித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றாய். அப்பா கண்ணைக் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதிவிட்டு வந்துவிடப் போகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, மேல்வீட்டு மாடியில் காயும் சட்டையின் பொத்தானை இங்கிருந்தே எண்ணுகிறேன். நீ இல்லாமல் வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் உனக்குப் பிடித்த வேலை, நீ அலைந்து திரிந்து பிடித்த வேலை, சரி என்று எழுது. அம்மாவிடம் கேட்டேன், அவளும் அதைத்தான் சொன்னாள், கீரையை ஆய்ந்துகொண்டே, நிமிராமல்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி படுத்துக்கொண்டு போனில் படிக்காதே, கண்ணாடிக்காரன் சொல்கிறேன் கேள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். கடைசிப் புத்தகம் இன்னும் பாக்கி இருக்கிறது, நீ லீவில் வரும்போது மூன்று பேருமாகப் படிக்கலாம் என்று அதை அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள், சாவி என்னிடம்கூடத் தரவில்லை. மறக்காமல் நல்ல ரப்பர் ஒன்று வாங்கிக்கொண்டு வா. அந்த மீசையை நான் அழித்துவிடுகிறேன் என்று சொன்னதற்கு, வரைந்தவளே வந்து அழிக்கட்டும் என்கிறாள்.

இப்படிக்கு,
ஒன்றே முக்கால் கண்ணோடு,
உன் அப்பா