செவ்வாய்க்கிழமை மட்டும் நீலம்

22-11-82, திங்கள்
விடாத மழை. துணி காயவில்லை. நாளை ஆசுபத்திரியில் சர்க்கரைக்காரர்களைப் பார்க்கிற நாள். என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்தே கஞ்சித்தண்ணீர். எல்லாரும் இப்படித்தான், போலகம் ஊர்க்காரர் ஒருத்தர் மூன்று நாள் பட்டினியாம். "பள்ளிக்கூடப் பரீட்சைக்கு இப்படிக் கிடந்திருந்தா கலெக்டரு ஆயிருப்பீங்க" என்றேன். முறைத்தார். கால் கட்டைவிரலில் புண் வேறு. "அங்க வந்து புண்ணைப் பத்தி வாயைத் தொறக்காத. வெரலை வெட்டிடுவாங்க" என்றார். சரி என்றேன். எனக்கும் பயம்தான்.

23, செவ்வாய்
மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலமாகவே நின்றது. நீலம் நல்லது, செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை. பயிற்சிக்கு வந்திருக்கிற சின்ன டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பேஷ் ஐயா! அதே மாத்திரை போதும்." செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. திரும்பும் வழியிலேயே இவருக்கு அல்வா.

25, வியாழன்
விரல் கறுத்துவிட்டது. நாற்றம், காய்ச்சல். ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுபோனேன். பெரிய டாக்டர் சின்னவளிடம், "நீலம்னு எழுதியிருக்கியே, இந்தக் காலு என்ன கலரு?" பாவம், கண் கலங்கிவிட்டது. திரும்பக் காய்ச்சினாள். செங்கல். என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, அன்னிக்கு என்னதான் சாப்பிட்டாரு?" பட்டினிக் கதையைச் சொல்லிவிட்டேன். ஊரே அப்படித்தான் வருகிறது என்றும். "நீங்க திட்டுவீங்கன்னுதான்." அங்கேயே கட்டில் போட்டார்கள். ஊசி மருந்து.

29, திங்கள்
கறுத்த சதையைச் சுரண்டினார்கள். "ரத்தம் வருது சார்!" என்று சின்னவள் கத்தினாள். ரத்தம் வந்தால் விரலில் உயிர் இருக்கிறதாம். பெரியவர்: "புதன் வரைக்கும் பாப்போம். சர்க்கரை அடங்கலேன்னா எடுத்துடணும்."
ஒன்பது விரலுக்குச் செருப்பு விலை குறைப்பானா என்று இவரைக் கேட்டேன். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

1-12, புதன்
நேற்று கார்த்திகை. நான் குழாயடிக்குப் போய் வருவதற்குள் பக்கத்துக் கட்டில்காரர் வீட்டுப் பொரி உருண்டை. இவர் வாயோரம் வெல்லம். விரலைப் பார்க்கிற நாளுக்கு முந்தின நாளா இது!
காலையில் சின்னவள் மூத்திரம் கேட்கவில்லை. முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
"ஐயா, நேத்து என்ன சாப்பிட்டீங்க? திட்ட மாட்டேன்."
இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.
"பொரி உருண்டை."
"எத்தனை?"
"ஒண்ணு... ஒண்ணரை."
நிஜமாகவே திட்டவில்லை. ஊசி மருந்தைக் கூட்டினாள். அப்புறம் பெரியவர் வந்து கட்டைப் பிரித்தார். அழுத்தினார், மோந்தார். "இன்னிக்கு வெட்ட வேணாம்."
அவர் அந்தண்டை போனதும் இவர் தலையணைக்கு அடியில் துழாவி, மீதி அரை உருண்டையை எடுத்துச் சின்னவள் கையில் வைத்தார்.