கர்க்கடகத்து முருங்கை

வியாழன். மலையாளக் கர்க்கடக மாதம், எங்கள் ஊரில் ஆடி. மழை விடவில்லை.

அப்பாவுக்கு இரண்டு வாரமாகக் கட்டட வேலை இல்லை. நான் ஆரியசாலைச் சந்தையில் ஒரு மளிகைக் கடையில் நாள் முழுக்கப் பருப்பு மூட்டை சுமக்கிறேன். எங்கள் வீட்டில் பருப்பு வெந்து பத்து நாளாகிறது. தங்கை சித்ராவுக்கு ரத்தம் குறைவு, தினமும் கீரை கொடுங்கள் என்று பள்ளிக்கு வந்த நர்ஸ் சொல்லியிருந்தார். காசில்லாமல் கிடைப்பது வீட்டுக்காரச் சேச்சியின் முருங்கை மட்டும்தான். இன்று கீரை ஒடித்துவந்து, தேங்காய் துருவிப் போட்டு வதக்கினேன்.

வாசலில் நின்ற சேச்சி பார்த்துவிட்டார். "கர்க்கடகத்தில் முருங்கையில தின்னான் பாடில்ல மோனே. விஷமா!"

இந்த மாதம் முருங்கைக்கீரை தின்னக் கூடாது, விஷம் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அம்மா உடனே சட்டியை மூடினாள். "பிள்ளைக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன செய்ய மக்கா?"

"ஊர்ல ஆடி மாசமும் தின்னோம்லா? எவன் செத்தான்? வெறுஞ்சோறு தின்னாத்தான் இவ சாவா" என்றேன்.

அம்மா மூடியை எடுக்கவில்லை. எனக்குத் தலைக்கேறிவிட்டது. சட்டியைப் பிடுங்கி, அவள் கண்ணெதிரே முழுவதையும் தின்றேன். "பாரு. செத்தேனா?"

சித்ரா உப்புப் போட்டு மோர் விட்ட சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நாளைக்கும் நீ உயிரோட இருந்தா எனக்கும் தருவியா அண்ணா?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைக்கு எட்டும் கொம்புகளையெல்லாம் இன்றே ஒடித்தாயிற்று. ஏணி கேட்கச் சேச்சியிடம்தான் போக வேண்டும்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறைந்துதான் இருக்கிறது.