தண்ணீர் திறக்காத வருஷத்தில் ஒரு கார் சர்வீஸ்

அன்பு மாறாத சம்பந்தி,

நேற்று காரை சர்வீஸ் முடித்து உங்கள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். மூன்று மாதம் தாமதம். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வது?

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காரிலேயே உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டேன். புங்கமரத்து நிழல் கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் நீங்கள், எப்போதும் போடும் வெள்ளைச் சட்டையில், சர்வீஸ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு. வண்டி ஓடவில்லை, ஆனால் வயல்கள் மட்டும் மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நீங்கள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தீர்கள். கனவுதானா அது, இல்லை நீங்களே வந்து போனீர்களா?

என் மகளும் உங்கள் மகனும் வெளிநாட்டில் இருந்துகொண்டு இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே காரை வாங்கிக் கொடுத்தார்களே, அது அன்பா, குசும்பா? திருக்காட்டுப்பள்ளியில் நான், பூதலூரில் நீங்கள். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு கிழங்களைப் பேசவைக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை போலிருக்கிறது.

பேசாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் வயலில் அறுத்தவர் உங்கள் அப்பா. அந்தக் காலத்தில் புது ஆட்சி வந்து, கூலிச் சண்டை மூண்ட நாட்களில், விளைந்த பயிரை நடுவில் வைத்து என் அப்பா ஒரு வரப்பிலும், கூலியை உயர்த்திக் கேட்டு உங்கள் அப்பா எதிர் வரப்பிலும் நின்றார்கள். நெல்தான் உதிர்ந்தது, இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

முதல் சர்வீஸுக்குத் தஞ்சாவூருக்கு நாம் சேர்ந்துதானே போனோம். மெக்கானிக் விளக்கமாகச் சொன்னார்: "முதல் சர்வீஸ் ஒரு மாசம், இல்ல ஆயிரம் கிலோமீட்டர். அப்புறம் ஆறு மாசம், இல்ல ஐயாயிரம். எது முந்துதோ அதுங்க சார்." ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள், உடனே தலையாட்டினீர்கள். வயலைத் தவிர வேறு எதுவும் அறியாத நான், "மேட்டூர்ல தண்ணி திறந்தா ஒரு சர்வீஸ், மூடினா ஒரு சர்வீஸ். முடிச்ச கையோட வண்டிய வீடு மாத்திக்குவோம்" என்றேன். ஆனியை ஒட்டித் திறந்து தையில் மூடுவதுதானே, கிட்டத்தட்ட ஆறு மாதம் என்பது என் கணக்கு. "குத்தகை பேசுற மாதிரியே பேசுறீங்களே சம்பந்தி" என்று சிரித்தீர்கள். அப்போதுதான் உங்களை எனக்குப் பிடித்துப்போயிற்று.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இந்த வருஷம் கார் என் வீட்டில் இருந்தது. ஆனி பிறந்தது, அணையில் தண்ணீர் இல்லை. ஆற்றில் மணல் வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. அந்த மாதக் கடைசியில் நீங்கள் போன் செய்தீர்கள்.

"ஆறு மாசம் ஆவப் போவுதுங்க. ஆயில் மாத்தணும். புத்தகத்துல மாசந்தான் போட்டிருக்கு சம்பந்தி, மேட்டூர் போடல."

"தண்ணி திறக்கட்டுமே, என்ன அவசரம்? வண்டி எங்க ஓடுது?" என்றேன்.

"சரிங்க" என்று வைத்துவிட்டீர்கள்.

அந்த 'சரிங்க' எனக்குப் புரியாமல் இல்லை. நடவு இல்லாமல் வயல் காய்ந்து கிடக்கும்போது, வாசலில் அந்த வண்டியாவது நிற்கட்டுமே என்றிருந்தது. கொடுக்க மனம் வரவில்லை, தண்ணீர் எனக்கொரு சாக்கு. இதை என் மகளிடம்கூட நான் சொல்லவில்லை.

ஆடி முடிவதற்குள் ஒரு விடியலில் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டீர்களாம். உங்கள் முறைக்கு வண்டி உங்கள் வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான், மாலையோடு. அன்றைக்கும் அதிலேயேதான் வீடு திரும்பினேன். எனக்கு இதைவிட வெட்கம் வேறென்ன வேண்டும்?

அந்தக் கனவுக்குப் பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று காலையிலேயே தஞ்சாவூருக்கு ஓட்டிப் போனேன். ஆயில் கறுத்துப் போயிருந்தது. "ஓடாம நின்னாலும் ஆயில் கெட்டுருங்க சார். கிலோமீட்டர மட்டும் பாக்காதீங்க" என்றார் மெக்கானிக். நல்லவேளை, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கிருந்து பூதலூர் வரும் வரைக்கும் ஒரே பயம்தான். சம்பந்தியம்மா வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டால், நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அப்புறம் என்ன மிச்சம்?

சாவியை நீட்டினேன். அவர்கள் கை நீட்டவில்லை.

"தண்ணி தொறந்துட்டாங்களா?"

"இல்லம்மா. இன்னும் இல்ல."

"அப்பறம் எப்புடிங்க கொண்டாந்தீங்க?"

என்னைக் கார் நிறுத்தும் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார்கள். "ஆனி ஒண்ணுலேந்து தெனம் இந்த எடத்தக் கூட்டி வச்சாருங்க. இன்னொருக்கா போன் பண்ணுங்களேன்னேன். 'ஒரு தடவ கேட்டாச்சு. திரும்பத் திரும்பக் கேட்டு நிக்கிறதெல்லாம் எங்கப்பாவோட போவட்டும்'னுட்டாரு."

அழுதுவிட்டேன் சம்பந்தி. அந்த அம்மா சாவியை வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

காரை விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே தரிசாகக் கிடந்த வயல்கள் சாயங்கால வெளிச்சத்தில் பச்சையாக இருப்பதுபோலவே தோன்றின. எது நிஜம், எது மயக்கம் என்று நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்த சர்வீஸ் பங்குனியில். காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறேன். இனிமேல் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான், காவிரி வந்தாலும் வராவிட்டாலும். உங்கள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியது எதுவானாலும், அங்கிருந்து ஒருத்தரும் வாய் திறக்கும் முன்பே நானே கொண்டுவந்து கொடுப்பேன். இது சத்தியம்.

உங்கள் பேத்திக்கு இன்னொரு தாத்தா,
திருக்காட்டுப்பள்ளி சம்பந்தி