படையலில் குவார்ட்டர் வைக்காத காரணம்

அண்ணா,

முதலில் நல்ல சேதிகள். என் பெரிய பேரன் ஐ.டி. கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டான். அவன் சொன்னால் அங்கே ஆட்கள் கேட்கிறார்களாம். வீட்டில் நாய்கூடக் கேட்பதில்லை. சின்னவன் கன்னடத்தில் பள்ளிக்கே முதல் மார்க். அண்ணனோடு சண்டை போட்டால்கூட இலக்கணம் தவறாமல் திட்டுகிறான். உன் பேத்திக்கு ஸ்கூட்டர் லைசென்ஸ் முதல் தடவையிலேயே கிடைத்தது. நம் குடும்பத்தில் இதுவரை நடக்காத அதிசயம். கடைசியாக, கண் படக்கூடாது என்பதால் மெதுவாகச் சொல்கிறேன்: என் பேத்தி நித்யா புற்றுநோய் ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிறாள். அஞ்சாங்கிளாஸோடு நின்றவளுக்கு அப்படி ஒரு பேத்தி!

இந்தக் கடிதமே அவளால்தான். போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். கையில் உன் வாசனை அடித்தது.

"யார் கூடடி குடிச்சே?"

"அய்யோ பாட்டி, லேப்ல கை துடைக்கிற ஸ்பிரிட்டு!"

அந்த வாசனையில் நீயே வந்து நின்றாய். கண்டக்டர் காக்கிச் சட்டையோடு, டூட்டி முடிந்து, லிங்கராஜபுரம் வீட்டு வாசலில், வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு. உன் வாய் மணந்தால் நீ குடித்திருக்கிறாய் என்பது தெருவுக்கே தெரியும். ஏலக்காயெல்லாம் உன் வாய்க்கே போனதால் நம் வீட்டுப் பாயசம் என்றைக்குமே மணந்ததில்லை. கேட்டால், "பிராந்தி சளிக்கு மருந்தும்மா" என்பாய். டிசம்பர் குளிரில் சரி; ஏப்ரல் வெயிலிலும் உனக்குச் சளிதான். தொண்டையில் கட்டி வந்தபோது அதையும் மருந்து கரைத்துவிடும் என்றாய். கரையவில்லை. கழுத்துக்கு வந்தது, பிறகு நுரையீரலுக்குப் போனது. அப்புறம் நீயும் போய்விட்டாய்.

இனி நல்லதல்லாத சேதி. உன் மகன் சேகருக்கு இந்த வருஷம் நாக்கு ஓரத்தில் அதே நோய். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து வெட்டி எடுத்துவிட்டார்கள். இனிமேல் ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார் டாக்டர். அவனும் விட்டுவிட்டான். ஆனால் உன் படையல் நாள் வந்ததே! நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா? இலையில் போனவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, காக்கை வாய் வைத்ததும், இலையோரம் வைத்த குவார்ட்டர் பிராந்தியில் தலைமகன் முதல் மடக்கு குடிக்க வேண்டும்.

"வருஷத்துக்கு ஒரு நாள் அத்தை," என்றான் சேகர். "அப்பா குடுக்கறது. வேணாம்னா கோச்சிப்பாரு."

நித்யாவைப் பிடித்து உட்காரவைத்து, குடி இந்த நோயை என்ன செய்யும் என்று கேட்டேன்.

"பாட்டி, உடம்புல செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். எப்ப வளரணும், எப்ப சும்மா இருக்கணும்னு சேதி அனுப்பிக்கும். ஆல்கஹால் அந்தச் சேதியக் கொழப்பிவிடுது. கெட்ட செல்லு பிடிய விட்டுட்டு நகர ஆரம்பிக்கும். ரத்தத்துல ஏறி வேற எடத்துல போய் உக்காரும்."

"அதாவது, நிக்கற பஸ்ஸுக்கு யாரோ விசில் ஊதிட்ட மாதிரி?"

"ஆமா. ஏறுனவன் எவனும் டிக்கெட் வாங்கல."

"பிராந்தியா, விஸ்கியா? எது ஊதுது?"

"எல்லாத்துலயும் ஒரே ஆல்கஹால்தான் பாட்டி."

"எங்க அண்ணனுக்கும் அதுதான் பண்ணுச்சா?"

"ஒருத்தருக்கு இதனாலதான் பரவுச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. மருந்தா வேலை செய்யலைன்னு மட்டும் அடிச்சுச் சொல்வேன்."

ஊருக்கெல்லாம் விசில் ஊதிய மனிதன் நீ. உனக்குள்ளே ஊதியதை எப்படிக் கேட்காமல் விட்டாய்?

ஆகவே படையலில் ஈரல் வறுவல், முட்டை, மீன் குழம்பு எல்லாம் வைத்தேன். குவார்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டம்ளர் மோர். வந்திருந்த ஆண்களின் முகத்தைப் பார்த்தால் நீ அன்றைக்குத்தான் செத்தது போல் இருந்தது. இலையை மாடிக்குக் கொண்டுபோய்க் கூப்பிட்டோம். காக்கை வரவில்லை. இந்த ஊரில் இப்போது எல்லாம் புறாதான்.

"பாத்தீங்களா? அப்பாவுக்குக் கோவம்," என்றான் சேகர். ஸ்கூட்டர் பெட்டியில் ஒரு குவார்ட்டர் வாங்கி வைத்திருக்கிறான் போலிருக்கிறது. கை சாவிக்குப் போனது.

எனக்கு வந்ததே ஆத்திரம். வானத்தைப் பார்த்துக் கத்தினேன்: "அண்ணா! உன் பையன் நாக்க வெட்டித் தெச்சிருக்காங்க! உனக்குக் குடிதான் வேணும்னா அங்கயே வாங்கிக்கோ. இவன அங்க கூப்புடாத!"

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய், "யார் ஜொதே ஜகளா?" என்று கன்னடத்தில் கேட்டாள். அண்ணனோடு சண்டை என்றேன். "அண்ணா எல்லி?" என்று மாடி முழுக்கத் தேடினாள். நான் மேலே கையைக் காட்டினேன். வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

சேகர் சிரித்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. தையல் போட்ட இடம் இழுத்ததோ என்னவோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அழுகையாகி, "பயமா இருக்கு அத்தை" என்றான். அதற்குள் ஒரு புறா வந்து உன் இலையில் சோற்றைக் கொத்தியது. நீ எந்த வேஷத்தில் வந்தால் என்ன, வந்தாயே! அவன் மோர் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். "ரொம்பப் புளிக்குது" என்றபடி சாவியை என் கையில் வைத்தான். அந்தக் குவார்ட்டரைக் கழிவறையில் ஊற்றினேன். உனக்கு வலித்திருக்கும். "பினாயில் இதவிட விலை கம்மி பாட்டி" என்றாள் நித்யா.

நீ உன் பயத்தை யாரிடமும் கொடுத்ததில்லை, குடித்து முழுங்கினாய். சேகர் கொடுத்துவிட்டான். செக்கப்புக்குப் போகும் நாளெல்லாம் அதில் பாதியை நான்தான் சுமந்து போகிறேன். கனமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் உன் கையில் கிளாஸ் இருக்கிறது. நித்யா கம்ப்யூட்டரில் அதை அழிக்கப் பார்த்தாள். உன் விரல்களும் சேர்ந்து போய்விட்டன. வேறு படம் மாட்டலாம் என்றால் எல்லாக் கல்யாணத்திலும் நீ அப்படியேதான் நிற்கிறாய். சேகர் தினமும் பார்க்கிற சுவர் அது. அங்கே நல்ல ஸ்டூடியோ இருந்தால், வெறுங்கையோடு நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.