கையில் காயம் இருந்த நான்கு மாதங்கள்

ஜூன் 10, 2024
அடுத்த ஆண்டின் தினசரி காலண்டரில் மார்ச் வரை பிழை திருத்தியாயிற்று. சிவகாசி அச்சகங்களுக்கு எதிர்காலம் ஆறு மாதம் முந்தியே வந்துவிடும், எழுத்துப்பிழைகளோடு. பன்னிரண்டு ராசிக்கும் தினம் ஒற்றைச் சொல் பலன் போடுவதும் என் வேலை. ஜோசியர் நாற்பது சொல் தருவார், நான் பங்கிடுவேன். சர்ச்சுக்குப் போகிறவன் என்பதால் எந்த ராசிக்கும் ஓரவஞ்சனை செய்யமாட்டேன் என்பது முதலாளி சண்முகவேலின் நம்பிக்கை.

குளிக்கும்போது வலது அக்குளில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நெல்லிக்காய் அளவு. வலி இல்லை.

ஜூன் 12
கட்டிங் மிஷின் அய்யப்பனிடம் சொன்னேன். அக்குளை அவன் பார்க்கவே இல்லை. "கையக் காட்டுங்க அண்ணாச்சி" என்றான். ஆள்காட்டி விரலில் தாள் கிழித்த கோடு. "அம்புட்டுதான். நெறி கட்டியிருக்கு. புண்ணு ஆறுனா அமுங்கிரும்."

எங்கள் அச்சகத்தின் மொத்த வைத்தியமும் இதுதான். அக்குளில் வீங்கினால் கையில் காயத்தைத் தேடு. கிடைத்துவிட்டால் வேலைக்குத் திரும்பு. இங்கே யார் கையில் காயம் இல்லை?

ஜூலை 3
டாக்டரும் கையைத்தான் பார்த்தார். ஐந்து நாள் மாத்திரை. விரல் ஆறிவிட்டது, கட்டி அப்படியே. அதற்குள் காலண்டரின் தகரப் பட்டி கட்டைவிரலைக் கிழித்திருந்தது. நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியீடு, பூஜை. ஐந்து கிலோ இறங்கிவிட்டேன் என்று முதலாளியிடம் சொன்னேன். "குடுத்து வச்சவரு நீங்க. நானும் நடையா நடக்கேன், ஒரு கிலோ குறையல."

ஆகஸ்ட் 29
உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் எழுந்தால் பனியனைப் பிழியலாம். வெயில்தான் என்கிறார்கள். வெயிலைக் குற்றம் சொன்னால் இந்த ஊரில் மறுபேச்சு கிடையாது.

செப்டம்பர் 8
விருதுநகர், அக்கா வீடு. ஞானஜோதி அக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். அக்குளைத் தொட்டாள். பிறகு முழங்கை மடிப்பு, கழுத்து.

"எத்தன மாசமாலே?"

"மூணு. கையில காயம் இருந்துச்சுக்கா."

"ஒனக்கு என்னைக்குலே காயம் இல்லாம இருந்துச்சு?"

நாளைக்கே மதுரைக்குப் போ என்றாள். சீசன் என்றேன். கை ஆறினால் கட்டியும் அமுங்கும், பார் என்று வாதாடி நான்கு வாரம் வாங்கினேன். நிறையப் படித்தவன், வாதத்தில் தோற்க மாட்டேன். ஒரு பெட்டி ரப்பர் கையுறையை மேஜையில் போட்டாள். "போட்டுக்கிட்டு வேல பாரு. ஒரு கீறல் இருக்கக் கூடாது. அப்புறம் என்ன சொல்லுதேன்னு பாக்கேன்."

செப்டம்பர் 10
"அண்ணாச்சி, இன்னைக்கு எத்தன ஆப்பரேசன்?" அய்யப்பன்தான். பைண்டிங் பக்கம் மொத்தமும் சிரித்தது.

அக்டோபர் 6
கை கலெக்டர் கை மாதிரி இருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு — ஒரு சின்னக் கோடாவது இருக்கக் கூடாதா?

கட்டி இப்போது மூன்று.

அக்டோபர் 21
மதுரை. ஊசியால் உறிஞ்சிப் பார்த்ததில் தெளிவில்லை. ஒரு நெறியை முழுசாக வெட்டியெடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நவம்பர் 6
ஹாட்ஜ்கின் லிம்போமா. நெறி என்று நாங்கள் சொல்லும் நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். அக்குளில், முழங்கைக்கு மேல், நெஞ்சுக்குள்ளும்.

"கேன்சர்லயே இது நல்ல கேன்சர் சார். பெரும்பாலும் குணமாயிரும்" என்றார் டாக்டரம்மா. 'நல்ல' என்பதை இருபது வருஷமாக எல்லா ராசிக்கும் பங்கிட்டிருக்கிறேன். என் பங்கு இன்றுதான் வந்தது.

"ஜூன்லயே ஏன் வரல?"

"கையில காயம் இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. நெஞ்சில் இருப்பது ஜூனிலேயே இருந்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்காகத்தான் அப்படிச் சொன்னார்.

நவம்பர் 18
முதல் மருந்து ஏற்றினார்கள். அச்சு மை மாதிரி சிவப்பு. இன்னும் பதினொன்று.

டிசம்பர் 15
தாயில்பட்டி மாமா பார்க்க வந்தார். பட்டாசு மருந்துதான் காரணம் என்றார். பட்டாசு ஆலை வாசலைக்கூட நான் மிதித்ததில்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம். எல்லாருக்கும் ஏதாவது ஒரு காயம் தேவைப்படுகிறது.

ஜனவரி 1, 2025
காலண்டர் வந்தது. முடியில்லாத தலையோடு நானே ஆணியில் மாட்டினேன்.

மே 15
ஸ்கேன். அக்குள் சுத்தம், கை சுத்தம். நோய் மிச்சமிருக்கும் இடம் படத்தில் ஒளிருமாம்; நெஞ்சில் இருப்பது மட்டும் இன்னும் ஒளிர்கிறது. வேறு மருந்து, முதலிலிருந்து. அக்கா சோறு போட்டாள். திட்டியிருக்கலாம்.

ஜூன் 4
அடுத்த காலண்டரின் புரூஃப் கட்டை அய்யப்பன் வீட்டுக்கே கொண்டுவந்தான். வைத்துவிட்டும் போகாமல் நின்றான்.

"அண்ணாச்சி, அந்தக் கையுறை மிச்சம் இருக்கா?"

"யாருக்குலே?"

"சும்மாதான். கக்கத்துல லேசா… பயமெல்லாம் இல்ல. இந்தா பாருங்க, வெரல்ல வெட்டு இருக்கு."

விரலை நீட்டினான். வெட்டு இருந்தது. நெறிதான், நூற்றில் தொண்ணூறு பேருக்கு வெறும் நெறிதான் என்றேன். உண்மையும் அதுதான்.

அலமாரியில் அரைப்பெட்டி உறை இருக்கிறது. கொடுக்கவில்லை. நாளை காலை மதுரை பஸ்ஸுக்கு அவனை வரச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் நாளைதான் ஊசி.