பதினெட்டாயிரம்

அன்புள்ளவளுக்கு,

உன் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து நீ போனை எடுப்பதில்லை; அதனால் இதை உன் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பயப்படாதே. நம் மகளுக்கு டெங்கு வந்தது, இப்போது தேறிவிட்டாள்.

உனக்கு டெங்கு வந்தபோதுதானே நாம் பழகினோம்? தினமும் காலையில் வார்டுக்கு வந்து உனக்கு ரத்தம் எடுப்பேன். ஐந்தாம் நாள் பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது. "எவ்வளவு?" என்று கேட்டாய். "டாக்டர் சொல்வாரு" என்றேன். "உங்க மூஞ்சியே சொல்லிடுச்சு" என்று சிரித்தாய். மறுநாள் நாற்பதாயிரம் என்று வந்ததும், ரிப்போர்ட் அச்சாகும்வரை பொறுக்காமல் லேபிலிருந்து மாடிக்கு ஓடிவந்தேன்.

மகளுக்கு ஊசி குத்த என் கை வரவில்லை. வேறு ஆளைக் கூப்பிட்டேன். இன்று அவளுக்கு பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

"அம்மாவை வரச் சொல்லி நீ கேட்டதா எழுதட்டுமா?" என்றேன்.

"நான் கேட்டதா எழுதாதீங்கப்பா. நீங்க கூப்பிடுங்க" என்றாள்.

வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்